சரிவில் இறங்க நினைக்கும் மகன்

இல்லம் தேடி ஒரு மடல்

 

சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று பல நாள் என் மேசையைவிட்டு அகலவேயில்லை. எழுதியவர் கணவரை இழந்த ஒரு தாய். அவர் அனுமதியோடு, பெயரும் ஊரும் நீக்கி, அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

“ஒரே மகனைக் கலிஃபோர்னியாவுக்குப் படிக்க அனுப்பியிருக்கிறேன். அவன் வாப்பா மௌத்தானபின் இருந்த நகைகளை விற்றே அனுப்பினேன். தொழுகையை விடாத பிள்ளை. வாரம் தவறாமல் பேசுவான். போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். பலகை ஒன்றின்மேல் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டிக்கொண்டு, மலைச்சாலையில் ஒருவன் கீழ்நோக்கிப் பறக்கிறான். ‘உம்மா, இது நானல்ல, என் நண்பன். எனக்கும் பழக ஆசையாக இருக்கிறது. நீங்கள் வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன்’ என்கிறான். வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வருகிறது. சொல்லிவிட்டால் எனக்குத் தெரியாமல் செய்துவிடுவானோ என்ற அச்சமும் கூடவே வருகிறது. நான் என்ன பதில் சொல்ல?”

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கும் கோபமே வந்தது. ஒரு தாயின் நகையை விற்றுப் படிக்கப் போன பிள்ளைக்கு இப்படியும் ஓர் ஆசையா என்றுதான் எண்ணினேன். பிறகு கடிதத்தை மறுபடியும் படித்தேன். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், யாரும் பார்க்காத இடத்தில் இருக்கும் ஒரு வாலிபன், ஒரு பலகையில் ஏறுவதற்குமுன் தன் தாயிடம் அனுமதி கேட்டிருக்கிறான். இந்தக் காலத்தில் இதற்கே முதலில் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டும். கேட்டுச் செய்கிற பிள்ளைக்கு, நாமும் விசாரித்துப் பதில் சொல்வதுதான் நீதி. ஆகவே அந்த விளையாட்டைப் பற்றி என்னால் இயன்றவரை விசாரித்தேன். அறிந்தவற்றை உங்களுக்கும், உங்கள் மகனுக்கும், இவரைப் போன்ற பிள்ளைகளைப் பெற்ற ஏனைய இல்லத்தாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கே பிறந்தது இது?

இதன் பெயர் ஸ்ட்ரீட் லூஜ். லூஜ் என்றால் பிரெஞ்சு மொழியில் சிறிய பனிச்சறுக்கு வண்டி. பனிக்கட்டிப் பாதையில் மல்லாந்து படுத்துச் சறுக்கும் லூஜ் பந்தயம் 1964 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது. தெற்குக் கலிஃபோர்னியாவில் அதன் உடன்பிறப்பைப் போல உருவானதுதான் தெருவில் ஓடும் இந்த லூஜ். சக்கரப் பலகையில் நின்றுகொண்டு மேட்டிலிருந்து இறங்கிய இளைஞர்கள், படுத்துக்கொண்டால் காற்றின் தடை குறைந்து வேகம் கூடுவதைக் கண்டார்கள். எஞ்சின் கிடையாது. பிரேக் கிடையாது. இறக்கமே எஞ்சின், காலணியே பிரேக், உடலைச் சாய்ப்பதே ஸ்டியரிங்.

லாங் பீச் நகரால் நாற்புறமும் சூழப்பட்ட சிக்னல் ஹில் என்ற சிற்றூரில், எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த குன்றின் செங்குத்தான தெருவொன்றில், 1975இல் முதல் தொழில்முறைப் பந்தயம் நடந்தது. நின்றபடி இறங்கியவர்களும் உண்டு, படுத்தபடி இறங்கியவர்களும் உண்டு, கண்ணாடியிழைக் கூட்டுக்குள் உடலை அடைத்துக்கொண்டு இறங்கியவர்களும் உண்டு. அந்தப் பந்தயம் 1978உடன் நின்றுபோனது. காரணம் விபத்துகள். இறங்கியவர்கள் மட்டுமின்றி, ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் காயமடைந்தார்கள். இந்தச் செய்தியை மறவாதீர்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

அதன்பின் ராஜர் ஹிக்கி, பாப் பெரேரா போன்ற சிலர் அதே தெற்குக் கலிஃபோர்னியாவில் இந்த விளையாட்டை அணையாமல் காத்தார்கள். 1995இல் ரோட் ஐலண்டில் நடந்த எக்ஸ்ட்ரீம் கேம்ஸ் என்ற தொலைக்காட்சிப் போட்டி இதை உலகறியச் செய்தது. 1996இல் சர்வதேச அளவில் ஒரு சங்கம் தோன்றி, கருவிகளுக்கும் பாதைகளுக்கும் விதிகள் வகுத்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2016இல் எட்டப்பட்ட வேகம் மணிக்கு 164 கிலோமீட்டர். நம் பக்கத்து விரைவு ரயில்கள்கூட அந்த வேகத்தில் ஓடுவதரிது. அதுவும் தரையிலிருந்து சில அங்குல உயரத்தில், தோல் ஆடை ஒன்றே கவசமாக!

இது முற்றிலும் அந்நியமான ஆசையும் அன்று. பழைய பேரிங்குகளைக் கட்டையில் கோத்து, பலகையை அறைந்து, பள்ளிவாசல் தெருவின் இறக்கத்தில் கடகடவென்று பேரிங் வண்டி ஓட்டி முழங்கால் தேய்த்துக்கொண்ட சிறுவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டிக்கும் பாட்டனார்கள் சிலரின் முழங்காலைப் பார்த்தால் உண்மை விளங்கும்.

உயரம் சொல்லும் கணக்கு

இனி, சகோதரி, உங்கள் அச்சம் நியாயமானதா என்று பார்ப்போம். முழுக்க நியாயமானது. அதைக் கணக்கிலேயே காட்டலாம்.

சரிவில் இறங்கும் பலகைக்கு வேகம் தருவது சாலையின் நீளம் அன்று. புறப்படும் இடத்துக்கும் அடிவாரத்துக்கும் இடையேயுள்ள உயர வேறுபாடே வேகத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது. கையால் உந்தாமல் 5 அடி உயரத்திலிருந்து இறங்கினால், உராய்வும் காற்றும் சிறிதும் தடுக்காவிட்டாலும், வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டரைத் தாண்டாது. 20 அடி உயரமானால் சுமார் 40. 80 அடி உயரமானால் சுமார் 80. வேகம் இரு மடங்காக வேண்டுமென்றால் உயரம் நான்கு மடங்காக வேண்டும்.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுவரில் மோதுவது, 20 அடி உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடிக் கட்டடத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது எட்டு மாடிக் கட்டடத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். நிறுத்தும் தூரமும் இப்படியே பெருகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் 80 அடிக்குள் நிற்க முடிந்தவனுக்கு, 80 கிலோமீட்டர் வேகத்தில் அதே பிடிப்போடு நிற்க 320 அடி வேண்டும். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 70 அடிக்குமேல் கடந்துவிடுகிறான். எதிரே ஒரு கார் தெரிந்து, அது கார்தான் என்று மூளை உணர்வதற்குள் ஒரு வீட்டு மனையின் நீளம் பின்னால் போய்விடும்.

ஆனால், இதே கணக்கில் ஒரு வழியும் இருக்கிறது. எவ்வளவு உயரத்திலிருந்து புறப்படுவது என்பது முழுக்க ஓட்டுகிறவன் கையில் இருக்கிறது. 5 அடி உயரத்திலிருந்து புறப்பட்டவன் எவ்வளவு ஆசைப்பட்டாலும் 80 கிலோமீட்டர் வேகத்தை எட்ட முடியாது. ஆபத்தின் அளவை அவனே அளந்து எடுத்துக்கொள்ளலாம். இந்த விளையாட்டில் புதியவனுக்குள்ள மிகப்பெரிய பாதுகாப்பு இதுதான்.

மதீனத்துப் பந்தயம்

இதை எழுதும்போது என் நினைவுக்கு வந்தது மதீனாவில் நடந்த குதிரைப் பந்தயம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைகளை ஓடவிட்ட செய்தி நபிமொழி நூல்களில் உள்ளது. முறையாகப் பயிற்சி கொடுத்து உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாவரை நீண்ட தூரம். அது ஐந்தாறு மைல் என்று அறிவிப்பாளர்கள் கூறுகிறார்கள். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல்வரை ஒரு மைல் அளவே. அந்தப் பந்தயத்தில் ஓடியவர்களுள் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர்.

இச்செய்தியில் எத்தனை நுட்பம் பாருங்கள்! பந்தயம் தடுக்கப்படவில்லை. வாலிபர்களின் துடிப்பு பழிக்கப்படவில்லை. ஆயினும் பழகாததைப் பழகியதோடு ஒரே கோட்டில் நிறுத்தவும் இல்லை. பழகாததற்குக் குறுகிய தூரம், பழகியதற்கு நெடிய தூரம் என்று எல்லை பிரிக்கப்பட்டது. மலைச்சாலையின் உச்சியில் நிற்கும் நண்பனைப் பார்த்துத் தானும் உச்சியிலிருந்தே இறங்க நினைக்கும் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு சொல்லப்பட்ட அறிவுரையையும் நாம் அறிவோம். தலைக்கவசத்தின் வாரை மாட்டாமல் பிஸ்மி மட்டும் சொல்லி இறங்குவதைத் தவக்குல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தம்பிக்கு: எதை முதலில் வாங்குவது?

தம்பி, இந்தப் பகுதி உனக்காக. கடைக்குப் போகும் இளைஞர் கண்ணில் முதலில் படுவது பலகைதான். நீ கடைசியில் வாங்க வேண்டியதும் அதுதான். உன் கையிலுள்ள பணம் தலையிலிருந்து தொடங்கி, கை, கால், தோல் என்று இறங்கி, மிச்சமிருந்தால் பலகைக்கு வரட்டும். மிச்சம் இல்லையென்றால் காத்திரு. பலகையை நண்பனிடம் ஒரு நாள் இரவல் வாங்கலாம். தலையை யாரிடமும் இரவல் வாங்க முடியாது.

தலைக்கவசம்: முகவாயையும் மூடும் முழுக் கவசமாகவும், முன்கண்ணாடி உள்ளதாகவும் இருக்க வேண்டும். சைக்கிள் தொப்பி போதாது. பிறர் அணிந்து பழகியதை வாங்காதே. ஒருமுறை அடிபட்ட கவசத்தின் உள்நுரை நசுங்கியிருப்பது வெளியே தெரியாது. அணிந்து தலையைத் திருப்பினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். கடையில் நின்று பார்த்தால் மட்டும் போதாது. தரையில் மல்லாந்து படுத்து, முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி, உன் கால் விரல்களுக்கு அப்பால் பார். கவசத்தின் விளிம்பு பார்வையை மறைத்தாலோ, பின்விளிம்பு கழுத்தில் குத்தினாலோ அது உனக்கு உரியதன்று. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கையுறை: புறப்படும்போது இரு கைகளாலும் சாலையைத் துழாவித்தான் பலகையை நகர்த்துவார்கள். விழும்போது முதலில் தரையைத் தேடுவதும் கைதான். உள்ளங்கை தடித்த தோலாக இருக்கட்டும். விரல்கள் சக்கரத்தருகே போகாதபடி பிடிமானத்தில் கை வைக்கப் பழகு. மோதிரம் வேண்டாம்.

காலணி: இதுதான் உன் பிரேக். கணுக்காலை மூடும் உறுதியான காலணியாக இருக்க வேண்டும். அனுபவசாலிகள் பழைய கார் டயரின் ரப்பரை வெட்டி அடிப்பாகத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். சாதாரண அடிப்பாகம் வெகு விரைவில் கரைந்துவிடும். ஒவ்வொரு முறை இறங்குமுன்னும் அதன் தடிப்பைப் பார். நாடாவின் நுனிகளை உள்ளே செருகு. தொங்கும் நாடா சக்கரத்தில் சிக்கும்.

உடை: மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்கள் அணியும் ஒரே துண்டான தோல் ஆடையே இதற்கும் ஏற்றது. ஜீன்ஸ் துணி தாரில் உரசினால் கிழிய நேரமே ஆகாது. அதற்குப் பிறகு உரசுவது உன் தோல். மெதுவான பயிற்சி நாட்களிலும் முழங்கை, முழங்கால் காப்புகளும் தடித்த உடையும் வேண்டும். தளர்ந்து பறக்கும் உடை எதுவும் கூடாது.

இவ்விடத்தில் நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரிய ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் விற்கும் தோல் கையுறைகளிலும் காலணிகளின் உட்புறத்திலும் பன்றித்தோல் பயன்படுத்துவது உண்டு. பதனிட்டாலும் அது தூய்மையாவதில்லை என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். சீட்டைப் படி. சீட்டில் இல்லையென்றால் தோலின் மேற்புறத்தை உற்றுப் பார். மயிர்க்கால் துளைகள் மும்மூன்றாகக் கூடியிருந்தால் அது பன்றித்தோல். மாட்டுத்தோலில் அப்படி இருக்காது. செயற்கை இழையில் செய்த நல்ல பொருள்கள் கிடைக்கின்றன. விசாரித்து வாங்கு.

பலகையும் சக்கரமும்

பலகையில் இரண்டு வகை. ஒன்று கிளாசிக் என்று வழங்கும் எளிய வகை. சுமார் நான்கடி நீளமுள்ள மரப்பலகை, நான்கு சக்கரங்கள், அவ்வளவே. மற்றொன்று அலுமினியத்தாலோ எஃகாலோ சட்டம் கட்டி, தலைக்கு அணையும் கைக்குப் பிடியும் காலுக்குத் தாங்கியும் வைத்த முழு லூஜ். அதைப் பெரும்பாலும் ஓட்டுகிறவர்களே தம் உடலளவுக்குச் செய்துகொள்கிறார்கள். புதியவனுக்கு முதல் வகையே ஏற்றது. எடை குறைவு, விலை குறைவு, கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் எளிது. எந்த வகையானாலும் கூரான முனை எதுவும் வெளியே நீட்டக்கூடாது. உன்மேல் படாத முனை இன்னொருவன்மேல் படும்.

சக்கரம் பாலியூரித்தேனில் செய்தது. 1970களின் தொடக்கத்தில் இந்தப் பொருள் வந்தபின்தான் சக்கரப் பலகைகள் சாலையைப் பற்றிக்கொண்டு ஓடத் தொடங்கின. அதற்குமுன் இருந்த களிமண் கலவைச் சக்கரம் சிறு கல்லில் பட்டாலும் நின்று ஆளைத் தூக்கி எறியும். சக்கரத்தின்மேல் 78ஏ, 85ஏ என்று எண் இருக்கும். எண் கூடக் கூடக் கடினம் கூடும். புதியவனுக்கு 70 மில்லிமீட்டரை ஒட்டிய விட்டமும், 78ஏ அல்லது 80ஏ மென்மையும் பொருந்தும். மென்மையான சக்கரம் சொரசொரப்பை விழுங்கிச் சாலையைப் பற்றும்.

பேரிங் எல்லாம் 608 என்ற ஒரே அளவுதான்: உள்துளை 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். மேலே ஏபெக் 5, ஏபெக் 7 என்று எண் போட்டு விலையை ஏற்றுவார்கள். அந்த எண் செய்நேர்த்தியின் நுணுக்கத்தைக் காட்டுவது. அதை வேகத்தின் எண் என்று எண்ணி ஏமாறாதே. மணலின்றித் துடைத்து வைத்த எளிய பேரிங் உனக்குப் போதும்.

சக்கரங்களைத் தாங்கும் அச்சுச் சட்டத்தை ட்ரக் என்பார்கள். உடல் ஒரு பக்கம் சாய்ந்தால் ட்ரக் அந்தப் பக்கம் திரும்பும். முன் ட்ரக் அதிகமாகவும் பின் ட்ரக் குறைவாகவும் திரும்பும்படி கோணம் அமைந்தால் பலகை நேரே ஓடும். இரண்டும் ஒரே அளவு திரும்பி, தளர்ந்தும் இருந்தால், வேகம் ஏறும்போது பின்புறம் நாயின் வாலைப்போல ஆடத் தொடங்கும். இந்த ஆட்டமே பலரைக் கவிழ்த்திருக்கிறது. ஆகவே கோணத்தையும் நட்டின் இறுக்கத்தையும் தெரிந்த ஒருவரிடம் காட்டி அமைத்துக்கொள். ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னும் எல்லா நட்டுகளையும் கையால் தொட்டுப் பார்.

முதல் நாள் பாடம்

முதல் நாள் சரிவே வேண்டாம். வாகனம் வராத சமதளத்தில் பலகையில் படு. நண்பன் மெதுவாகத் தள்ளட்டும். இடமும் வலமும் சாய்ந்து திரும்பிப் பழகு. அதைவிட முக்கியம், நிறுத்தப் பழகு. முதலில் எழுந்து உட்கார வேண்டும். மார்பில் மோதும் காற்றே வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். பிறகு முழங்கால்களைச் சற்றே மடக்கி, இரு பாதங்களையும் ஒருசேரத் தட்டையாகச் சாலையில் வைத்துச் சிறிது சிறிதாக அழுத்த வேண்டும். குதிகாலை ஊன்றினால் கால் பலகைக்கடியில் மடங்கும். ஒரு காலை மட்டும் ஊன்றினால் பலகை திரும்பிவிடும். இது கண்ணை மூடினாலும் செய்ய வருமளவுக்குப் பழகிய பின்னரே சரிவு.

சரிவைத் தேர்ந்தெடுக்கும்போது கீழிருந்து மேலே பார். அடிவாரத்துக்கு அப்பால் நீண்ட சமதளமோ, ஏற்றமோ இருக்க வேண்டும். கால் வழுக்கினாலும் பலகை தானே நிற்கும். குறுக்குத் தெரு, வீட்டு வாசல், பாலம், தடுப்புக் கம்பி எதுவும் இருக்கக்கூடாது. முதல் இறக்கம் அடிவாரத்திலிருந்து 5 அடி உயரத்தில் தொடங்கட்டும். அங்கே பத்து முறை நினைத்த இடத்தில் நிற்க முடிந்தால், சில அடி மேலே போ. ஒருமுறை தவறினால் மீண்டும் கீழே வா. நண்பர்கள் கேலி செய்தால், பனூ ஸுரைக் பள்ளிவாசல்வரை ஓடிய குதிரைகளை நினைத்துக்கொள்.

தனியே போகாதே. ஒருவர் மேலேயும், ஒருவர் கீழேயும், வளைவு இருந்தால் அங்கேயும் நிற்க வேண்டும். முதலுதவிப் பெட்டி வேண்டும். உன் மருத்துவக் காப்பீடு இத்தகைய விளையாட்டின் காயங்களை ஏற்குமா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பார். அமெரிக்க மருத்துவமனையின் ஒரு பில் உன் தாயின் மீதி வாழ்நாளையே கடனாக்கிவிடும்.

சாலையின் உரிமை

சிக்னல் ஹில்லில் வேடிக்கை பார்த்தவர்களும் காயமடைந்தார்கள் என்று சொன்னேனல்லவா? பலகை கட்டுமீறினால் வளைவின் வெளிப்புறத்தை நோக்கியே பறக்கும். அங்கே யாரையும் நிற்கவிடாதே. நீ ஏற்கும் ஆபத்து உன்னோடு நிற்கட்டும். பிறருக்குத் தீங்கு செய்யும் உரிமையை மார்க்கம் யாருக்கும் தரவில்லை.

பாதையில் உட்காருபவர்கள்கூடப் பாதையின் உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று போதிக்கப்பட்ட சமுதாயம் நாம். நீயோ பாதையில் படுக்கப் போகிறாய்! போக்குவரத்து உள்ள சாலையில், தரைமட்டத்தில் வரும் உன்னைக் கார் ஓட்டுகிறவரால் காண இயலாது. உன்மீது ஏற்றிவிட்ட ஒருவர், குற்றமே செய்யாமல், ஆயுள் முழுதும் அந்த இரவை மறக்க முடியாமல் வாழ்வார். லாஸ் ஏஞ்சலஸ் நகரில், சரிவில் பலகை ஓட்டிய இளம் பிள்ளைகள் மாண்டதையொட்டி, 2012இல் பலகைக்கும் மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர், வேக வரம்பு விதித்தார்கள். நிறுத்தப் பலகைகளில் நிற்க வேண்டுமென்றும் விதித்தார்கள். ஊருக்கு ஊர் சட்டம் வேறுபடும். நீ இருக்கும் ஊரின் சட்டத்தை நகர அலுவலகத்தில் கேட்டறிந்து, அனுமதியோடு அடைக்கப்பட்ட சாலையிலோ, சங்கத்தார் நடத்தும் பயிற்சி நாளிலோ மட்டும் இறங்கு. இரவில், திருட்டுத்தனமாக, ஒருபோதும் வேண்டாம்.

இறங்குமுன் அந்தச் சாலையை நடந்தே பார்த்து, கல்லையும் கண்ணாடித் துண்டையும் பெருக்கித் தள்ளும் வழக்கம் இந்த விளையாட்டுக்காரர்களிடம் உண்டு. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த நிய்யத்தோடு துடைப்பத்தை முதலில் எடுப்பவன் நீயாக இரு. பந்தயத்தின்மேல் பணம் வைத்து விளையாடுவோர் கூட்டத்தில் மட்டும் நிற்காதே, அது சூது.

மீண்டும் தாய்க்கு

சகோதரி, இவ்வளவும் எழுதியதால் நான் உங்களைச் சம்மதிக்கச் சொல்வதாக எண்ண வேண்டாம். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தவர்களும் காயப்பட்டிருக்கிறார்கள். ஆபத்தைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. உடல் அல்லாஹ் தந்த அமானத். உங்கள் மகனைப் பொறுத்தவரை அந்த உடலில் உங்கள் நகைகளும், உங்கள் முதுமையும், அவன் வாப்பாவின் துஆவும் சேர்ந்தே இருக்கின்றன. “வேண்டாம் மகனே” என்று நீங்கள் சொன்னால் அது முழு உரிமையோடு சொன்ன சொல். இதைப் படிக்கும் தம்பியும் அதை மகிழ்வோடு ஏற்க வேண்டும். ஃபர்ளான கடமையா இது, விட்டால் பாவமாக? விட்டுவிட்டால் இழப்பது ஒரு விளையாட்டு. தாயின் மனத்தை நோகவிட்டால் இழப்பது எதுவென்று அவன் அறிவான்.

சம்மதம் தருவதானால், வெறும் “சரி” என்று சொல்லாதீர்கள். மூன்று வாக்குறுதிகளைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, முழுத் தலைக்கவசமும் கையுறையும் காலணியும் தோல் ஆடையும் அவனிடம் சேரும்வரை பலகையில் ஏறுவதில்லை. இரண்டாவது, அடைக்கப்பட்ட சாலையில், தெரிந்தவர்கள் உடனிருக்க மட்டுமே இறங்குவது. மூன்றாவது, எந்த உயரத்திலிருந்து இறங்கினான் என்பதை ஒவ்வொரு முறையும் உங்களிடம் மறைக்காமல் சொல்வது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் சம்மதம் இல்லை. மூன்றாவது வாக்குறுதி உங்களுக்குச் சிறிதாகத் தோன்றலாம். என்னைக் கேட்டால் அதுவே பெரிது. தாயிடம் உயரத்தைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருக்கும்வரை எந்த மகனும் தன் தகுதிக்கு மீறிய உயரத்துக்கு எளிதில் ஏற மாட்டான்.

இன்னும் ஒன்று. அவன் பேசும்போது இதைப் பற்றி நீங்களே கேளுங்கள். “சக்கரம் என்ன எண் மகனே? இன்று எத்தனை அடி?” என்று கேட்கும் உம்மாவிடம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. கேட்கவே அஞ்சும் வீடுகளில்தான் பிள்ளைகள் ஒளிக்கப் பழகுகிறார்கள். பல இல்லங்களின் கடிதங்களைப் படித்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். விஷயம் பலகையானாலும், திருமணமானாலும், வேலையானாலும் கதை ஒன்றுதான்.

அவன் எந்தச் சரிவில் இறங்கினாலும், எந்த ஏற்றத்தில் ஏறினாலும், வல்ல அல்லாஹ் அவனை முழு உடலோடும் நிறைந்த ஈமானோடும் உங்கள் மடியில் சேர்த்துவைப்பானாக! ஆமீன்.

உங்கள் முடிவு எதுவானாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், சகோதரி. இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வேறொரு மடலோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.